எங்கள் வாசலுக்குத் தம்பி போட்ட கேட்

தம்பி கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். வீட்டுக்கு வந்தால் சும்மா உட்காரமாட்டான். எதையாவது கழற்றுவான், எதையாவது பூட்டுவான். போன தீபாவளிக்கு லீவில் வந்தவன், பையை இறக்கி வைக்கும் முன்பே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பாசி பிடித்த சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"மனுசன் இருக்கிற வீடாக்கா இது?"

அந்த வீட்டில்தான் நானும் அம்மாவும் இருக்கிறோம். எனக்குச் சுருக்கென்றது. "இவ்வளவு நாளா நாங்க என்ன மாடா? மொதல்ல டீயைக் குடி" என்றேன்.

ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. சுவர் பச்சை பிடித்துக் கிடந்தது. முன்னால் ஓடும் கான் இடிந்து, மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கு வரும். நான் நட்ட டேலியாவைக் கோழிகள் கிளறியே தின்றன. மறுநாளே சாமான் வந்து இறங்கியது. பாசியைத் தேய்த்தான், கானைக் கட்டினான், சுவருக்கு இளமஞ்சள் பெயின்ட் அடித்தான். வாசலுக்குச் சிவப்புச் சிமெந்து போட்டு, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கினான். காலியான பெயின்ட் வாளிகளில் ரோஜா வைத்தான். கடைசியில் இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன இரும்புக் கேட்டும் மாட்டினான். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். போனில் படம் எடுத்து, நான் வேலை செய்யும் துணிக்கடைப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

எங்கள் லயம் ஒரே நீளமான கட்டடம். வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கின்றன. எங்களுடையது நடுவில். தண்ணீர் பிடிக்கும் பீலி ஒரு கோடியில், கொழுந்து எடுக்க மலைக்கு ஏறும் பாதை மறுகோடியில். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலும் மற்ற எல்லோருக்கும் பாதை. யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. தம்பியும் யாரையும் கேட்காமல்தான் கேட்டைப் போட்டான். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. பூட்டுக்கூடப் போடவில்லை, தள்ளினால் திறக்கும். ஆனாலும் எல்லோரும் பின்பக்கம் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். அங்கே மண்மேட்டுக்கும் அடுப்படிச் சுவருக்கும் நடுவில் வழுக்குகிற ஓர் ஒற்றையடித் தடம் இருக்கிறது. குடத்தோடும் கூடையோடும் அதில் போனார்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. கொழுந்து எடுத்தே தேய்ந்த கால்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு பகல் முழுக்க முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் காலை பஸ்ஸில் ராகலைத் துணிக்கடைக்குப் போனால் இருட்டும் நேரம்தான் திரும்புவேன். நடுவில் அவளுக்குத் துணை, வாசலால் போகிறவர்கள்தான். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று எந்த மலையில் எடுத்தார்கள், கங்காணி யாரை ஏசினார், யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது இல்லாவிட்டால் அம்மாவுக்கு நாள் நகராது.

தம்பியின் லீவு முடியுமுன் ஒருநாள், நான் வேலை விட்டு வந்தபோது அம்மாவின் கதிரை இஸ்தோப்பில் இல்லை. பின்னால், அடுப்படிக் கதவோரம், விறகுக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரத்தில் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"இங்க ஏம்மா உட்கார்ந்திருக்கீங்க?"

"இங்கதானே ஆளுக போறாங்க. முன்னாடி உட்கார்ந்து யாரைப் பார்க்கிறது, ரோசாவையா? ஒன் தம்பி என்னைய உசுரோட கூண்டுல போட்டுட்டான்."

கேட்டுக்கொண்டு நின்ற தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கே இரண்டு கேட்டையும் கழற்றிச் சுவரில் சாத்தினான், வலையைச் சுருட்டினான். காலையில் பார்த்தால், ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் பின்தடத்தில்தான் சத்தம்.

"கழட்டிட்டா வந்துருவாங்களா?" என்றாள் அம்மா. "மூஞ்சிக்கு நேரா சாத்தினது நீ. நீயே போய்க் கூப்புடு. வெத்தலைத் தட்டு எடுத்துட்டுப் போ."

"கார்டும் அடிச்சிருக்கலாம்" என்றேன் நான். தம்பி என்னை முறைத்தான். ஆனாலும் சட்டை மாற்றி, கல்யாணத்துக்கு அழைக்கிறவனைப் போலத் தட்டோடு வீடு வீடாகப் போனான். எங்கள் வாசலால் நடங்க என்று ஒருவன் வெற்றிலை வைத்து அழைத்தது எங்கள் லயத்திலேயே அதுதான் முதல் தடவை. சிரித்தார்கள். வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள். வருகிறோம் என்று சொன்னார்கள்.

மறுநாள் ஞாயிறு, நான் வீட்டில் இருந்தேன். முதலில் வந்தது கடைசி வீட்டு அக்கா. மலையில் அம்மாவின் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அம்மா கதிரையை முன்னால் போடச் சொல்லி விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா பீலியிலிருந்து குடத்தோடு வந்தாள். சிவப்புச் சிமெந்து தொடங்கும் இடத்தில் நின்றாள். சேறு அப்பிய செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். விரல்நுனியில், ஓரமாக, அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமல் நடந்தாள்.

தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் போவார்கள். அம்மாவும் அப்படிப் போனவள்தான்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அடியே, நில்லு. என் வாசல்ல செருப்பைக் கையில புடிச்சிட்டு நடக்க நான் என்ன தொரையா?"

"அழுக்காயிருமே அத்தே..."

"ஆகட்டும். போட்டுட்டு நட. வந்து இப்படி உட்காரு."

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, தம்பி மினுக்கிய சிமெந்தின் நட்டநடுவால் நடந்து வந்தாள்.