பந்தலுக்கென்று பின்னிய கயிறு

சங்ககிரியில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் கயிற்றை இழுத்துப் பார்த்து வாங்குவதில்லை. வெள்ளைப் பின்னலுக்குள் ஒற்றை நீல நூல் வளைந்து வளைந்து போகிறதா என்று பார்ப்பார்கள். போனால் அது ரபியா பின்னியது, அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள். ரபியா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பின்னலைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுத்தால் லேசில் தப்ப முடியாது.

"பின்னல் கோலாட்டம் பாத்திருக்கீங்கல்ல, அதேதானுங்க" என்று ஆரம்பிப்பாள். மெஷினில் நூல் சுற்றிய பாபின் பதினாறு. எட்டு வலப்பக்கம் சுற்றும், எட்டு இடப்பக்கம். ஒவ்வொரு நூலும் எதிரே வருகிற இரண்டுக்கு மேலே ஏறி, அடுத்த இரண்டுக்குக் கீழே நுழைந்து ஓடும். வெளியே குழாய் மாதிரி ஒரு சட்டை உருவாகும். நடுவில் நேராக ஏறி வருகிற உள்நூல்தான் பாதிக்கு மேல் பாரத்தைத் தாங்கும். கயிற்றை மேலே இழுக்கும் வேகத்தைக் குறைத்தால் சட்டை நூல் சாய்ந்து படுக்கும், பின்னல் நெருங்கும், தொட்டால் கட்டை போல இருக்கும். "அத வலுன்னு நெனைக்கக் கூடாதுங்க. படுத்த நூலு பாரம் ஏறுனா நிமிரப் பாக்கும், கயிறு நீண்டுக்கும்" என்பாள். கேட்டவர் அதற்குள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார்.

கணவன் சமியுல்லா இறந்த மாதமே அவளுக்கு வேலை கொடுத்தவர் கயிற்றுக் கம்பெனி முதலாளி ஜீவானந்தம். பதினைந்து வருஷமாக அவளைத் தங்கச்சியைக் கூப்பிடுவது போல 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுகிறார். அவள் மகள் அஸ்பியா கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றவரும் அவர்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று ரபியா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

போன ஆடியில் அவர் வந்து நின்றார். "அம்மிணி, பந்தல்காரங்களுக்கு ஒரு கயிறு வேணும். பாரமெல்லாம் இல்ல, துணி கட்டத்தான். உள்ள கழிவு நூலப் போட்டுக்கலாம். ஆனா தொட்டா நம்ம லாரிக் கயிறு மாதிரியே வெறைப்பா இருக்கோணும். உன்னால முடியுமா?"

முடியுமா என்று கேட்டுவிட்டால் ரபியாவுக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் பல்சக்கரத்தை மாற்றி மாற்றிப் போட்டு, சட்டையை நெருக்கி, உள்ளே இருக்கும் குப்பையை இறுக்கிப் பிடிக்க வைத்துவிட்டாள். ஜீவானந்தம் கயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உன்னைய மாதிரி ஆளு கோயமுத்தூர்லகூட இல்ல" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்து போனது. நீல நூலும் வேண்டும், அப்போதுதான் நம் கம்பெனிச் சரக்கு என்று தெரியும் என்றார். அங்கேயாவது அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது தோன்றவில்லை.

கார்த்திகையில் டிரைவர் மருதாசலம் வலது கையில் மாவுக்கட்டோடு வந்தார். அறுந்த கயிறு ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

"புதுச்சத்திரத்துக்கிட்ட வண்டிய நிறுத்தி, லோடு மேல ஏறிக் கயித்த இறுக்குனேனுங்க அக்கா. பட்டுன்னு போயிருச்சு. ரோட்டுல உழுந்துட்டேன். இனி ஸ்டியரிங் புடிக்க முடியுமான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறாரு."

அறுந்த இடத்தில் பல நிறத்தில் கழிவு நூல் பிதுங்கிக் கிடந்தது. ரபியா அதை விரலால் பிரித்துப் பார்த்தாள். எங்கே வாங்கினீர்கள் என்றாள். "உங்க கம்பெனியிலதானுங்க. லாரிக் கயிறுன்னுதான் குடுத்தாங்க."

நேரே போய் ஜீவானந்தத்திடம் கேட்டாள். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வைத்தியச் செலவ நான் பாத்துக்கறேன் அம்மிணி. பெருசு பண்ணாத. பின்னுனது நீதான? வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம்."

அந்த 'அம்மிணி'தான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். எந்த வித்தையைப் பெருமையாக நினைத்தாளோ அதைக் கேட்டு வாங்கி, அவளைக் கொண்டே ஒரு மனிதனின் கையை ஒடித்திருக்கிறார்.

மறுநாள் காலை பிளேடோடு லாரி ஸ்டாண்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி, ஒவ்வொரு வண்டியின் கயிற்றையும் இறக்கச் சொன்னாள். நல்ல கயிறும் குப்பைக் கயிறும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. அவள் விரல் மட்டும் பின்னலை எண்ணியது. ஒரு அங்குலத்துக்கு ஆறு மடிப்பு இருந்தால் நல்லது, ஒன்பது என்று நெருங்கியிருந்தால் குப்பை. குப்பையை அறுத்துக் காட்டிக் குவித்தாள், நல்லதைத் தனியே ஒதுக்கினாள். மத்தியானத்துக்குள் பதின்மூன்று வண்டி முடிந்தது.

டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மருதாசலம் எழுந்து வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. இத்தன வருசமா கயிறு கட்டறோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீங்க தொட்ட ஒடனே சொல்றீங்க. இவ்வளவு தெரிஞ்சவங்க, பின்னும்போது தெரியாமயா பின்னுனீங்க?"

"பந்தலுக்குன்னு சொன்னாருங்க" என்றாள் ரபியா. அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"சரிங்க" என்றார் அவர். பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர், அவள் நல்லதென்று ஒதுக்கிய கயிறுகளையும் வாரி எடுத்து, அந்தக் குப்பைக் குவியலின் மேலேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.