எபெத்மெலேக்கின் கூடை

எங்கள் குசினி ஜன்னலில் ஒரு சின்னப் பிரம்புக் கூடை இருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் அவிழ்ந்து, நீல நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அது பாஸ்டரின் கூடை.

பாஸ்டரை நான் முதலில் கண்டது நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், கிளென் வேவர்லியில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த ஞாயிறு ஆராதனையில். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கடைசி வரிசைக் கதிரைதான் என் இடம். தேநீர் கொடுக்கும் முன்பே நழுவிவிடுவேன். ஆனாலும் அவர் சொன்ன ஒரு கதை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சேற்றுக் குழிக்குள் கிடந்த எரேமியாவைத் தூக்கிவிட்ட எபெத்மெலேக்கின் கதை. கயிறு அறுத்து நோகாதபடி அக்குளில் பழந்துணி வைத்துக்கொள்ளச் சொன்னவன் அவன். அவனைப் பற்றி வேதாகமத்தில் சேராத பழைய யூத எழுத்து ஒன்று இன்னும் சொல்கிறது என்றார் பாஸ்டர். நோயாளிகளுக்கு அத்திப்பழம் பறித்துவர எரேமியா அவனை அனுப்புகிறார். வெயிலுக்கு மரத்தடியில் கண்ணயர்ந்தவன் அறுபத்தாறு வருடம் தூங்கிவிடுகிறான். விழித்தபோது பழம் அப்போதுதான் பறித்ததுபோலப் பால் வடிகிறது. நகரமோ அடையாளம் தெரியவில்லை. எரேமியாவும் இல்லை, சனமும் இல்லை. ஒரு கிழவன்தான் நடந்ததை அவனுக்குச் சொல்கிறான். அந்தக் கிழவனுக்கும் கூடையிலிருந்து பழம் எடுத்துக் கொடுத்தான் என்று சொல்லிப் பாஸ்டர் சிரித்தார். அவருக்குப் பிடித்த இடம் அதுதானாம்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கே அவர் வந்தார். ஞாபகம் கலைந்திருந்தது. என்னைத் தெரியவில்லை. மத்தியானம் கிடைக்கும் பழத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு வாசற்கதவடியில் நிற்பார்.

“தம்பி, கதவைத் திற. மனுசி காய்ச்சலோட கிடக்கிறா. இதைக் குடுத்திட்டு ஓடி வாறன்.”

நான் உள்ளதைச் சொன்னேன். “அன்ரி மோசம் போயிட்டா, பாஸ்டர். கனகாலம்.”

கூடையைக் கீழே வைத்தார். “ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டு, அன்றுதான் அவர் மனைவி இறந்ததுபோல அழுதார். மறுநாள் எல்லாம் மறந்து, அதே கதவடியில் அதே கூடையோடு நின்றார். இன்னொரு தடவை அவரை அழவைக்க என்னால் முடியாது. நாலு நாள், அவர் வரும் நேரம் வாளியோடு குளியலறைக்குள் ஒளிந்தேன். அங்கே தரையைத் தேய்க்கும்போதுதான் அந்தக் கதை நினைவுக்கு வந்தது. இவருக்கும் நகரம்தான் மாறிவிட்டது. கூடையில் பழம் வாடவில்லை.

ஐந்தாம் நாள், “என்னட்டைத் தாங்கோ பாஸ்டர். நான் அந்தப் பக்கம்தான் போறன்” என்றேன்.

என்னை உற்றுப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தைத் தந்தார். “தோல் கறுக்க முதல் குடுத்திடு.”

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது தருவார். ஒரு மண்டரின் ஆரஞ்சு, ஒரு கொத்துத் திராட்சை. எறிய மனம் வராமல் ரயிலில் நானே தின்றேன். நோயாளிக்கென்று தந்ததைத் தின்கிறேனே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கோடையில் ஒரு நாள் யாரோ கொண்டுவந்த அத்திப்பழம் நாலைத் தந்தார். மறுநாள் கேட்டார்:

“குடுத்தனியோ?”

“ஓம் பாஸ்டர்.”

“அவ என்ன சொன்னவ?”

அப்படி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “நல்ல இனிப்பாம்” என்றேன்.

“கள்ளன்! நீதானே திண்டனீ?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். “பரவாயில்லையடா. அந்தக் கிழவனும் திண்டவன்தானே.”

அந்தத் தெளிவு பிறகு வரவில்லை. மறுநாளும் மனைவிக்கென்று பழம் தந்தார், வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்று ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பாமல் தின்றேன். அவர் இறந்தபின் அவருடைய மகள் கூடையைக் குப்பையில் போடப் பார்த்தபோது, “எனக்குத் தாங்கோ” என்று கேட்டேன். நான் வாய்திறந்து கேட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

இப்போது பக்கத்துவீட்டுக் கிரேக்கக் கிழவி வேலிக்கு மேலால் அத்திப்பழம் தருகிறாள். என் கூடையில் அது மூன்றாம் நாளே கசிந்துவிடும். அதற்குமுன் இரண்டை நான் தின்று, மீதியை வேலைக்குக் கொண்டுபோகிறேன். அந்த வாசற்கதவடியில் இப்போது வேறொருவர் நிற்கிறார்.