சித்தப்பாவின் படகும் என் முதல் வழக்கும்

எனக்கு வனசீவராசி உத்தியோகம் கிடைத்த செய்தி குருநகரில் எங்கள் குறுகலான ஒழுங்கைக்குள் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மாடு எதிரே வந்தால் மதிலோடு ஒட்டி நிற்கிறவள் நான். "யாழ்ப்பாணத்திலை எந்த யானையைப் பிடிச்சு அடைக்கப் போறாய்?" என்று சித்தப்பா கேட்டார். அரசாங்க வேலை என்று கண்டதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன், இது விழுந்தது. மிருகங்கள் மேல் எனக்குப் பெரிய பாசமொன்றும் கிடையாது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு, சித்தப்பாவின் படகு கரைக்கு வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு மீன் வந்தது. நான் படித்தது அந்த மீனில்தான். அவருக்கென்று இருந்ததும் அந்த ஒரு படகுதான்.

தெற்கில் பயிற்சி முடித்து, யாழ்ப்பாண அலுவலகத்தில் பொறுப்பேற்ற அன்று, மேலதிகாரி என்னையும் என் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சிங்களவர், நல்ல மனிதர். ஒழுங்கை முகப்பில் சீனவெடி கொளுத்தினார்கள். சித்தி மாலை போட்டார். வீட்டுக்குள்ளிருந்து கறி மணம் வந்தது. மாலையோடும் சீருடையோடும் நின்றபடியே அது ஆமைக்கறி என்று கண்டுகொண்டேன்.

எங்கள் கரையில் பெரிய சந்தோஷம் என்றால் ஆமைதான். கலியாணம், பெருநாள், வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால். வலையில் ஓர் ஆமை விழுந்தால் ஒரு வீடு மிச்சமில்லாமல் இறைச்சி பங்கு போகும். அது தடை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலில் பிடிக்கிறவன் நேவிக்காரன், நம்முடைய பிள்ளைக்கு வேலை காட்டில் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு உத்தியோகம் கிடைத்ததைக் கொண்டாட எனக்கே ஆமை வெட்டினார்கள்.

மேலதிகாரி கடல் பார்க்க வேண்டும் என்றார். சித்தப்பாவே பெருமையோடு கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். படகுக்குள், வலைக்குப் பக்கத்தில், ஆமை ஓடு மல்லாந்து கிடந்தது. கழுவக்கூட இல்லை.

"இது யார் படகு?" என்று அவர் தெரிந்த தமிழில் கேட்டார்.

"என்ரைதான் ஐயா," சித்தப்பா சிரித்தார். "பெறாமகளுக்கெண்டுதான் வெட்டினது. நீங்களும் ஒரு பிடி சாப்பிட்டிட்டுப் போங்கோ."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நீ ஜீப்பில் போய் இரு, வழக்கு எழுத வேறு ஆளை வரச் சொல்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். வேறு ஆள் வந்தால் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதுவான். சித்தப்பா விளங்காத எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைப்பார். நானே எழுதுகிறேன் என்றேன்.

"பெயர்?"

"உனக்குத் தெரியாதே?"

நான் பேனையோடு நின்றேன். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர் கேட்டேன். என் அப்பப்பாவின் பெயரைச் சொன்னார். எழுதினேன். எழுத்து வழக்கத்தைவிட வடிவாகவே வந்தது. அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எல்லாம்.

"படகை மட்டும் விடச் சொல்லு பிள்ளை," என்றார் கரைக்கு ஓடி வந்த சித்தி. கேட்டேன். சட்டத்தில் இடமில்லை என்றார் மேலதிகாரி. அது எனக்கு முதலே தெரியும்.

சித்தப்பா பிணையில் வந்துவிட்டார். படகு வரவில்லை. வழக்கு தவணை தவணையாகப் போகிறது. படகு எங்கள் அலுவலக வளவில் வேப்பமரத்துக்குக் கீழே, வழக்கு இலக்கம் கட்டிய அட்டையோடு கிடக்கிறது. மழை பெய்தால் நுளம்பு பெருகாமல் அதற்குள் தேங்கும் தண்ணீரை இறைப்பிப்பதும் என் வேலைகளில் ஒன்று. சித்தப்பா இப்போது இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். வழியில் கண்டால் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன். ஒழுங்கையில் ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இந்த உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்து சீருடை மாற்றிக்கொண்டிருந்தேன். பெருநாளிலும் எனக்குக் கடமை. சித்தி மூடிய கிண்ணத்தோடு வாசலில் நின்றார்.

"உள்ளை வாங்கோ சித்தி."

வரவில்லை. கிண்ணத்தை நீட்டினார்.

"கோழிதான். திறந்து பாருங்கோ."

நான் திறந்து பார்த்தேன். கோழிதான்.