நான் பருப்பை நிறுத்திய கதை

2007ஆம் ஆண்டு, ஆடி மாதம். ஆண்டிமடத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு ஒன்பது கம்பிகள். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் பழக்கம். ஒரு நாள் காலையில் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே எண்ணியபோது, இடது கண்ணுக்கு மட்டும், ஜன்னலின் நடுவில் இருந்த மூன்று கம்பிகள் வளைந்து தெரிந்தன. எழுந்துபோய்த் தடவிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தன.

திருச்சியில் ஒரு கண் மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சர்க்கரை நோயால் விழித்திரைக்கு ரத்த ஓட்டம் குறையும்போது, அது ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கிறதாம். அந்தப் புரதம் ரத்தக் குழாய்களைக் கசிய வைக்க, நீர் கோத்து விழித்திரை வீங்குகிறதாம். அதை அடக்கக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் வாருங்கள் என்றார்.

கண்ணில் ஊசி என்றதும் எழுந்து கிளம்பிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் புளியமரங்களை எண்ண முயன்றேன், முடியவில்லை. புரதம்தானே வீங்க வைக்கிறது, அதையே நிறுத்திவிட்டால் ஊசி எதற்கு? படித்தவன் அல்லவா, எதில் எல்லாம் புரதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறுநாளே பருப்பு, முட்டை, சுண்டல் எல்லாம் நின்றன. முந்திரி விளையும் ஊரில் இருந்துகொண்டு ஒரு முந்திரிகூடத் தொடவில்லை. பசிக்கு ரசம் சோற்றைக் கூட்டிக்கொண்டேன்.

"ஏங்க, பருப்பு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? இது டாக்டரு சொன்னதா, நீங்களா சொல்றதா?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"தெரியாதுதான். வட்டிலு வட்டிலா சோறு உள்ள போறது மட்டும் தெரியுதுங்க."

இரண்டு வாரம் கழித்துப் போனால், சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டரம்மா காரணம் கேட்க, மனைவி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஐயா, அது நீங்க சாப்பிடுற புரதம் இல்லைங்க. உங்க கண்ணே சுரக்கிறது. பருப்ப விட்டுட்டு சோத்த அள்ளுனா சர்க்கரை ஏறாம என்ன பண்ணும்?"

"அப்ப ஊசி?"

"இன்னைக்கு வேணாம். இத எறக்கிட்டு சீக்கிரமா வாங்க. ரொம்பத் தள்ளிப்போனா, போன பார்வை திரும்பாதுங்க."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் ஜன்னலுக்கு ஓடுவேன். வளைந்த கம்பிகள் மூன்று நான்காகி, நான்கு ஐந்தானது. ஒருவழியாகச் சர்க்கரை இறங்கி ஊசி போட்டபோது, இத்தனை நாள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கம்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒன்றில் மட்டும் சிறு வளைவு தங்கிவிட்டது. அது நோய் செய்ததா, என் அவசர புத்தி செய்ததா என்று, தட்டில் பருப்பு விழும்போதெல்லாம் இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.