கால்வாய்ப் பாலத்தில் போடோ வில்லைகள்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கினேன். வெள்ளவத்தைக்கு நாற்பது கிலோமீற்றர். வான் கூலி ஆயிரத்து எண்ணூறு ரூபாய். சாரதி யோசப், கொட்டாஞ்சேனைக்காரர். என் பெட்டியில் அசாமிலிருந்து கொண்டுவந்த நான்கு வெள்ளை வில்லைகள் இருந்தன.

அங்கே கொக்ரஜாரில் செய்தி சேகரிக்கப் போய் நான் தங்கிய போடோ பழங்குடி வீட்டில் விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது ‘ஜௌ’ என்ற அரிசிக் கள். பூசையில் படைப்பதும் அதுவே. அரிசிமாவில் காட்டு இலைகளை இடித்துச் சேர்த்து, வட்டமாகத் தட்டி உலர்த்திய வில்லைதான் சோற்றைப் புளிக்கச் செய்கிறது. புறப்படும்போது வீட்டுக்காரி நான்கு வில்லைகளை வைக்கோலில் சுற்றித் தந்தாள். வானில் வரும்போது யோசப்பிடம் இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாலேமுக்காலுக்கு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துச் சோதனைச் சாவடி. முந்தின கிழமைதான் நகரில் குண்டு வெடித்திருந்தது. பெட்டியைத் திறந்த சிப்பாய் வைக்கோலைப் பிரித்தான். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது.

“மே மொனவத?” இது என்ன என்று கேட்டபடியே பின்வாங்கினான். கூட நின்ற மற்றச் சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான். இருவருக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. அவர்களும் பயந்திருந்தார்கள், எனக்கு அதுதான் அதிகப் பயம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

“அசாமில...” என்று தொடங்கினேன். அங்கும் ஆயுதக் குழுக்கள் உண்டு என்பது நினைவுக்கு வர, பாதியில் நிறுத்தினேன்.

“வாயை மூடுங்கோ ஐயா,” என்றார் யோசப் மெதுவாக. “உண்மை சொன்னா உள்ளதான். கசிப்புக்காரன் எண்டா ஃபைனோட போகும்.” பிறகு சிப்பாயிடம் சிங்களத்தில், அது கள்ளச்சாராயத்துக்குப் போடும் மருந்து, ஆளுக்குக் குடி கொஞ்சம் கூட என்றார்.

சிப்பாய் ஒரு வில்லையை நீட்டித் தின்னச் சொன்னான். தின்றேன். கசந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு சிரித்தான். மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எப்படிச் செய்வது என்று கேட்டான். சோற்றை ஆறவிட்டு, வில்லையைப் பொடித்துப் பிசைந்து, பானையில் மூடி வைக்க வேண்டும். எந்தச் செய்தியையும் நான் அவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. என் முகவரியை எழுதிக்கொண்டுதான் விட்டான். அவனுக்கு வயிறு கெட்டால் என்ன நடக்கும் என்று வீடு வரை யோசித்தேன்.

அடுத்த கிழமை, நகரின் கோட்டைப் பகுதிக்கு நான் போன பஸ்ஸை அதே பாலத்தில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்ற என்னை அதே சிப்பாய் விரலால் கூப்பிட்டான். அடையாள அட்டையை எடுத்து நீட்டியபடி போனேன்.

“தவ தியெனவாத, மஹத்தயா?”

இன்னும் இருக்கிறதா ஐயா என்று கேட்கிறான். இல்லை என்றேன். தோளில் தட்டி, அட்டையைப் பார்க்காமலே அனுப்பிவிட்டான்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு தமிழ் வாத்தியார். அதுவரை அரிசி விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தவர்.

“தம்பிக்கு ஆமியில நல்ல பழக்கம் போல,” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து பின்னால் போய்விட்டார். பஸ்ஸில் நிறையப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள். கோட்டை வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை.