ஆள் இருக்கு

என் அக்காவுக்குக் கைவந்த கலை இடம் பிடிப்பது. சாயர்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஜெபக்குழுவில் பேசுவாள், மீன்குழம்பு பிரமாதமாக வைப்பாள். அதெல்லாம் பிற்பாடு வந்தவை. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் திருச்செந்தூர் பஸ் திரும்பும்போதே அவள் கையிலிருந்த துண்டு ஜன்னல் வழியாகப் போய் மூன்று பேர் சீட்டில் விழுந்திருக்கும். கூட்டம் முட்டி மோதி ஏறி முடித்ததும் நாங்கள் மூன்று சகோதரிகளும் ராணிகள் மாதிரி ஏறி உட்காருவோம். அக்கா ஒரு ஓரம், தங்கச்சி ஜன்னல் ஓரம், நான் நடுவில். நான் எப்போதும் நடுவில்தான்.

துண்டு என்றில்லை, குடை போடலாம், சாப்பாட்டுப் பை போடலாம். ஒருமுறை ஒரு அண்ணாச்சி அவசரத்துக்கு ஒற்றைச் செருப்பைப் போட்டார். அவர் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. செருப்பு திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தது, அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு காலோடு நின்றார். ஆனாலும் வழி நெடுக அந்தச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. துண்டுக்கும் செருப்புக்கும் அப்படி ஒரு மரியாதை எங்கள் ஊரில் உண்டு.

கோயிலில் துண்டு போட முடியாது. எங்கள் சபையில் அதற்கு வேதப்புத்தகம் இருக்கிறது. பெஞ்சில் பைபிளை வைத்துவிட்டால் அதை நகர்த்த யாருக்கும் கை வராது. மீறி யாராவது பக்கத்தில் வந்து நின்றால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு வார்த்தை சொல்லுவாள்: "ஆள் இருக்கு." காலி இடத்தைக் காட்டி ஆள் இருக்கு என்று சொல்வதும், வந்தவர் அந்தக் காலி இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நம்பி நகர்ந்துபோவதும் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இந்த இரண்டு வார்த்தையை ஒரே ஒரு நாள் அவள் மாற்றிச் சொன்னாள். நாலு வருஷச் சண்டைக்கு அது போதுமாக இருந்தது.

அக்கா மகன் கல்யாணம். கோயிலில் இரண்டாவது பெஞ்சில் தங்கச்சிக்காக அக்காவின் கறுப்பு பைபிள் உட்கார்ந்திருந்தது. தங்கச்சி மாப்பிள்ளையூரணியில்தான் இருக்கிறாள், நடந்தே வரலாம் என்று சொல்லக்கூடிய தூரம். ஆனால் அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிவிட ஆள் வைத்திருந்தாள். அந்த ஆள் மடிப்பு எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். இங்கே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். அப்படி ஒரு வயசான ஐயரம்மா ஊன்றுகோலோடு பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா இரண்டு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆள் இல்ல, உக்காருங்கம்மா" என்றாள்.

அந்த நிமிஷம் தூணுக்குப் பின்னால் புதுப்பட்டு சரசரக்கத் தங்கச்சி வந்து நின்றுகொண்டிருந்தாள். காதில் நன்றாக விழுந்தது. நேரே போய்க் கடைசி பெஞ்சில், ஓடாத ஃபேனுக்குக் கீழே, வீடியோக்காரரின் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரியாணி சாப்பிடவில்லை. அக்காவோடு பேச்சு அன்றைக்கு நின்றது.

"சீட்டு போனது பெரிசில்லளா" என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், ஒங்க அக்கா ஆள் இல்லங்கா. அதைத்தான் முழுங்க முடியல."

கவனியுங்கள், "ஒங்க அக்கா". அவளுக்கு அக்கா கிடையாது, எனக்கு மட்டும்தான். அக்காவோ வாரம் ஒரு தரம் எனக்கு போன் போட்டு, "அவ சாப்பிட்டாளா, சுகர் எப்படி இருக்குன்னு கேளு, நான் கேட்டேன்னு சொல்லாத" என்பாள். நான் கேட்பேன். "ஒங்க அக்கா கேக்கச் சொன்னாளா? அவ கேட்டான்னா நல்லா இல்லன்னு சொல்லு" என்று பதில் வரும். தந்தி ஆபீசை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, என் வீட்டில் மட்டும் அது நடந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறும். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிடலாமா என்று தோன்றும்.

பூட்டியது அக்கா மகன்தான். ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அம்மாவை அடுத்த மாதம் நிரந்தரமாக அங்கே கூட்டிப்போக விசா வந்தாயிற்று. போவதற்கு முன்னால் எல்லாரையும் சுற்றுலாக் கப்பலில் கொச்சியிலிருந்து கொழும்புக்குக் கூட்டிப்போய்வர டிக்கெட் எடுத்துவிட்டான். அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எனக்குக் கொழும்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மூணு பேரும் ஒரே வரிசையில உக்காந்து ஒரு தடவை கடலைப் பாக்கணும். அப்புறம் எங்க வேணாலும் போறேன்." சொல்லும்போது அவள் குரல் தலைமையாசிரியைக் குரலாக இல்லை.

தங்கச்சி, "பயலுக்காக வாரேன், வேற யாருக்காகவும் இல்ல" என்று நிபந்தனையோடு வந்தாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீசில் காலம் தள்ளியவர். "வாசல்ல ஹார்பரை வச்சிக்கிட்டு கொச்சிக்குப் போயா கப்பல் ஏறணும்?" என்று செங்கோட்டை தாண்டும்வரை முனகினார். கப்பலைப் பார்த்ததும் வாயை மூடினார். பிறகு திறந்து, "இவ்வளவு பெரிய கப்பல்ல ஒரு கண்டெய்னர்கூட ஏத்தலையே, வேஸ்டு" என்றார்.

முதல் நாள் காலையில் மேல்தளத்துக்குப் போனோம். நீச்சல்குளத்தைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகச் சாய்வு நாற்காலிகள். குளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் நாற்காலிகளில் பாதிக்குமேல் துண்டுகள், தொப்பிகள், கறுப்புக் கண்ணாடிகள், ஒரு குழந்தையின் மிதவை வாத்து. உலகம் முழுக்கப் பழைய பஸ் ஸ்டாண்டுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து வீட்டுத் துண்டை எடுத்து உதறி, வரிசையாக இருந்த மூன்று நாற்காலிகளில் நடுவில் இருந்ததில் விரித்தாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான்.

"நடுவுல நான்தான இருப்பேன்?" என்றேன்.

"இந்தத் தடவை அவ நடுவுல இருக்கட்டும். ஓடிப்போவ முடியாது."

தங்கச்சி ஏன் வருகிறாள். நாலு வரிசை பின்னால் தனியாக ஒரு நாற்காலி பிடித்து, கைப்பையைப் பக்கத்தில் வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அக்காவின் துண்டைக் காணவில்லை. ஆளில்லாத நாற்காலியில் பொருள் கிடந்தால் அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவோம் என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி துண்டை அழகாக மடித்துக் கவுண்டரில் வைத்திருந்தாள்.

"பர்சன் இஸ் தேர்" என்றாள் அக்கா கண்டிப்பாக.

"வேர், மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

அக்கா நாலு வரிசை தள்ளித் தெரிந்த முதுகைப் பார்த்தாள்.

அடுத்த நாள் துண்டை விட்டுவிட்டாள். கறுப்பு பைபிளைக் கொண்டுவந்து நடு நாற்காலியில் வைத்தாள். எனக்கு மானம் போனது. நேரம் குறிக்கும் அட்டையைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண் வந்தாள், பைபிளைப் பார்த்தாள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள். அரைமணி, ஒரு மணி, மத்தியானம்வரை அதைத் தொட ஆளில்லை. கப்பல் சட்டம் எங்கள் சபையிடம் தோற்றது.

ஆனால் வேறு தொல்லை வந்தது. கோட்டயத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சுற்றி நின்றுகொண்டு, "இவிடெ பிரார்த்தன உண்டோ?" என்று கேட்டது. அவர்கள் வீட்டு வயசான அம்மச்சி ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலையில் முக்காடே போட்டுவிட்டார். பிரார்த்தனை இல்லை, ஆள் இருக்கு என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டது. பிறகு டெல்லிக்காரர் ஒருவர் வந்தார். அக்கா "ஆள் இருக்கு" என்று தமிழிலேயே சொல்ல, அவர் பாவம், குனிந்து நாற்காலிக்கு அடியிலும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். தங்கச்சியின் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். சிரித்திருக்கிறாள். ஆனால் எழுந்து வரவில்லை.

அப்படியே கொழும்பும் போய்விட்டது. கடைசி நாள் காலைச் சாப்பாட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் இட்லி என்று எழுதிப் போட்டிருந்த ஏதோ ஒன்றை ஸ்பூனால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு விட்டா இனிமே நாள் இல்லளா. அடுத்த மாசம் அவ போயிருவா. அப்புறம் நீ யார்ட்ட பேசாம இருப்ப?"

யோசித்தாள். "போன்ல பேசாம இருப்பேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இட்லியை எடுத்து அவள் தலையிலேயே போட்டிருப்பேன். அழுகையும் வந்தது. எழுந்து மேல்தளத்துக்குப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர், "வலப் பக்கமா உக்காருங்க, அந்தப் பக்கம்தான் நம்ம ஊரு" என்று சொல்லியிருந்தார். தண்ணீரைத் தவிர அங்கே எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அக்கா விடிந்ததும் வலப் பக்கம் கம்பிக்கு அருகே மூன்று நாற்காலி பிடித்து, நடுவில் பைபிளை வைத்துக் காவல் இருந்தாள். தங்கச்சி வந்தாள், பார்த்தாள், வழக்கம்போல் பின்னால் ஒரு நாற்காலிக்குப் போனாள். இந்தத் தடவை இரண்டே வரிசை பின்னால். அதை நான் குறித்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. ஊருக்குத் திரும்பும் நாள் என்பதால் கூட்டம் முழுக்க மேலேதான். நான் டீ வாங்கப் போய்விட்டு இரண்டு கப்போடு திரும்பினேன். அதற்குள் என் நாற்காலியில் என் வீட்டுக்காரர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவருக்குத் துண்டும் தெரியாது, பைபிளும் தெரியாது. குனிந்து இரண்டு தரம் கூப்பிட்டேன், அசையவில்லை. நிமிர்ந்தபோதுதான் அந்த அம்மச்சியைப் பார்த்தேன். உட்கார இடம் இல்லாமல் கம்பியை ஒரு கையாலும் ஊன்றுகோலை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். கால் நடுங்கியது.

அக்காவும் பார்த்துவிட்டாள். பைபிளைப் பார்த்தாள். திரும்பித் தங்கச்சியின் முதுகைப் பார்த்தாள். மறுபடியும் அம்மச்சியைப் பார்த்தாள். வேண்டாம், எழுந்து உன் நாற்காலியைக் கொடு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் எழுந்தால் அந்த வரிசையில் அவளே இருக்கமாட்டாள். பிறகு எதற்கு வரிசை. பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆள் இல்ல. உக்காருங்கம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அம்மச்சி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீச்சல்குளத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆரு ஆள் இல்லன்னது? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தங்கச்சி எழுந்து நின்றிருந்தாள். இரண்டு வரிசையையும் நாற்காலிகளுக்குக் குறுக்காகவே தாண்டி வந்தாள். அம்மச்சி பயந்துபோய் எழுந்திருக்கப் பார்க்க, அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீங்க இருங்கம்மா. ஒங்க மேல ஒண்ணும் இல்ல." பிறகு அக்காவிடம் திரும்பினாள். ஊன்றுகோலைப் பார்த்தாள், அக்கா மடியிலிருந்த பைபிளைப் பார்த்தாள். அன்றைக்குத் தூணுக்குப் பின்னாலிருந்து காதில் மட்டும் விழுந்தது இப்போது கண்ணெதிரே நடந்திருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னாவளா, அந்த ஐயரம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் அக்கா. "கால் நடுங்கிக்கிட்டு."

"சொல்லித் தொலைக்கதுக்கு என்ன, அக்கா?"

அக்கா. ஒங்க அக்கா இல்லை. இரண்டு டீ கப்பையும் கம்பி ஓரம் தரையில் வைத்தேன்.

"நீ எங்க கேட்ட" என்றாள் அக்கா.

"சரி, தள்ளி உக்காரு."

அது ஒரு ஆளுக்காகச் செய்த நாற்காலி. என் அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கு ஒன்றரை ஆள் கனம். தங்கச்சி உட்கார்ந்ததும் நாற்காலி 'கிரீச்' என்றது, கால்மாட்டுப் பக்கம் மேலே எழும்பி மறுபடி தரைக்கு வந்தது. பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஓடிவந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு பேரும் அசைந்தால் கவிழ்ந்துவிடுவோம் என்று ஒருத்தியை ஒருத்தி இடுப்போடு பிடித்துக்கொண்டு, ஊர் இருக்கிறதாகச் சொல்லப்பட்ட திசையைப் பார்த்தார்கள்.

சற்று நேரம் கழித்து அக்காவுக்கு என் நினைப்பு வந்தது. "ஏளா, நடுவுலவளுக்கு எங்க இடம்?"

"அவ நிக்கட்டும்" என்றாள் தங்கச்சி. "நாலு வருசமா ரெண்டு பக்கமும் உக்காந்து பேசினவதான."

இதற்கு நான் நல்லதாக நாலு வார்த்தை வைத்திருந்தேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பின்னால் அவள் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் போய் உட்காருவோம் என்று திரும்பினேன். அதற்குள் அந்த டெல்லிக்காரர் அங்கே வந்து நின்றுவிட்டார். மூன்று நாளாக இடம் கிடைக்காத மனுஷன். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த கைப்பையைச் சுட்டிக்காட்டி, யாராவது இருக்கிறார்களா என்று எங்களைப் பார்த்துக் கையால் கேட்டார்.

தங்கச்சி அக்காவை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஆள் இல்ல, உக்காருங்க" என்றாள். பிறகு என்னிடம், "அந்தப் பையை மட்டும் எடுத்துட்டு வாளா."