டிக்கியில் ரெண்டு தட்டு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நான் குடிக்கிறவனும் இல்லை. எங்கள் சபையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் மனசு கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1994 நவம்பர். பாறசாலை ரயில் நிலையத்துக்கு வெளியே என் அம்பாசிடரும் கிருஷ்ணன்குட்டியின் ஜீப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நாங்கள் வண்டி ஓட்டப் படித்தது ஒரே ஆசானிடம். சாயா குடித்தால் ஒன்றை வாங்கி ரெண்டாகப் பகிர்வோம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகாது.

அவன் ஜீப்பு ராணுவ ஏலத்தில் எடுத்தது. கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி உண்டு. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். என் வண்டியில் பின் சக்கரம் ரெண்டு மட்டும்தான் இழுக்கும். வெயில் காலத்தில் இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. ஐப்பசி மழை பிடித்து எங்கள் செம்மண் மேடுகள் வழுக்க ஆரம்பித்தால் அவனும் ஆரம்பித்துவிடுவான்.

"எலே சுவாமிதாசு, மழை வந்தா உனக்க வண்டி முடவனாக்கும். எனக்கது நாலு காலுல நடக்கும்."

"நாலு காலுல நடக்கது மாடு மக்கா. மனுசன் ரெண்டு காலுலதான் நடப்பான்."

ஸ்டாண்டே சிரிக்கும். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும், நியாயம் அவன் பக்கம்தான். என் வீடு செங்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு மேட்டு மேலே. பின்னால் ஆள் இல்லாமல் வந்தால் அம்பாசிடரின் வாலில் பாரம் இருக்காது. சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதற்கு ஒரே மருந்துதான்... டிக்கி மேல் ஆளை ஏற்ற வேண்டும்.

என் வீட்டில் அந்த ஆள் என் மனைவி ஓமனா. மேட்டடியில் எஞ்சின் சத்தம் கேட்டதும் குடையோடு ஓடி வருவாள். பம்பரில் காலை ஊன்றி, பின் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து டிக்கியில் உட்காருவாள். கையால் ரெண்டு தட்டு தட்டினால் 'போகலாம்'. ஒரு தட்டு என்றால் 'நிறுத்து'. பஸ் கண்டக்டர் மணி அடிக்கிற கணக்குத்தான்.

இதைச் சொல்லிச் சொல்லியே கிருஷ்ணன்குட்டி என் மானத்தை வாங்குவான். "கெட்டினவள டிக்கியில ஏத்தி வண்டி ஓட்டுதவன் இந்த ஜில்லாவுல நீ ஒருத்தன்தான். எனக்க உயிரு கிடக்குத வரை நான் உனக்க டிக்கியில ஏறமாட்டேன், கேட்டியா?"

அந்த நவம்பரில் ஓமனாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. அன்றும் மழை. வண்டி மேலே ஏறவில்லை. கட்டிலோடு சுமந்து இறக்குவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் போனால் ஓமனா தாங்கமாட்டாள். நானும்தான்.

அதனால் சனிக்கிழமை மதியம் ஏர்போர்ட் ஓட்டம் வந்தபோது கிருஷ்ணன்குட்டியிடம் சொன்னேன். அவன் அன்று கேலி பேசவில்லை.

"நீ போயிட்டு வா மக்கா. நான் போய் நோக்கிக்கிடுதேன். எனக்க ஜீப்பு உண்டுல்லா?"

ஏர்போர்ட்டுக்கு என் வண்டியில் வந்தவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறவர். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் முழங்கால் அளவு பனி கிடக்குமாம். நான் விடாமல் கேட்டேன். பனியில் எது சார் நல்லது, நாலு சக்கரமும் இழுக்கிறதா, பின் சக்கரம் மட்டும் இழுக்கிறதா?

அவர் சொன்னார்: "புறப்படுறதுக்கும் ஏறுறதுக்கும் நாலு சக்கரம் இழுக்கிறது ரொம்ப நல்லது. ஆனா நிறுத்துறதுக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதாம்ப்பா. அது தெரியாம அங்கே நிறைய பேர் செத்துப்போறாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனை மடக்க ஒரு பதில் கிடைத்திருக்கிறது. திரும்பி வரும் வழியெல்லாம் அதை எப்படிச் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாலராமபுரம் வரும்போது மழை பிடித்தது. நெய்யாற்றின்கரை தாண்டும்போது ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மணி ஆறு. ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்குத் திருப்பினேன்.

வீட்டிலிருந்து இறங்கி வந்தால் எங்கள் மேட்டடியில் பாதை பிரியும். வலப்பக்கம் மெயின் ரோடு. இடப்பக்கம் சானல் கரை, அதாவது பாசனக் கால்வாயை ஒட்டிப் போகும் குறுக்குவழி. மேலே என் வீட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் அசைந்தது. கூடவே ஓமனாவின் அலறல் கேட்டது.

முதல் கியர் போட்டேன். பாதி மேடு ஏறியது. அப்புறம் நகரவில்லை. சக்கரம் சுற்றுகிறது... சேறு தெறிக்கிறது... வண்டியின் வால் ஓடைப் பக்கம் சரிகிறது. மேலே அவள் மறுபடி அலறுகிறாள். ஆண்டவரே, இந்த ஒரு தடவை என்று வாய்விட்டுக் கதறினேன்.

அப்போது வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

ஒரு ஆள் பாரம். நல்ல கனமான ஆள்.

தட்... தட்.

ரெண்டு தட்டு.

யோசிக்க நேரமில்லை. கிளட்சை விட்டேன். சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடித்தது. வண்டி ஏறியது. மின்னல் வெட்டியபோது கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு முதுகு. தலையில் வெள்ளைத் தோர்த்துத் துண்டு கட்டியிருந்தது.

"ஆராக்கும்?" என்று கத்தினேன்.

கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் வண்டிக்குள்ளே சானல் தண்ணீர் வாடை... பாசியும் டீசலும் கலந்த வாடை...

முற்றத்தில் நிறுத்தி இறங்கி ஓடினேன்.

டிக்கியில் யாரும் இல்லை.

ஆனால் பின்பக்கம் தாழ்ந்தபடியேதான் இருந்தது.

பயப்படக்கூட நேரமில்லை. பக்கத்து வீட்டுச் செல்லபாய் ஓமனாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ரெண்டு பேரையும் பின் சீட்டில் ஏற்றினேன். முதல் கியரிலேயே மெல்ல மெல்ல இறக்கினேன். ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரையில். சானல் கரை வழியாகப் போனால் பத்து நிமிஷம் மிச்சம். மேட்டடியில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன்.

தட்.

ஒரே தட்டு. பிரேக்கை மிதித்தேன்.

"செல்லபாய்... நீ தட்டினியா?"

"இல்ல மக்கா. எனக்க ரெண்டு கையும் இவளப் பிடிச்சிருக்கில்லா."

மறுபடி நகர்த்தினேன்.

தட்!

இந்த முறை வண்டியே அதிர்ந்தது.

ரிவர்ஸ் எடுத்து வலப்பக்கம் திருப்பினேன். மெயின் ரோட்டைத் தொட்டதும் பின்பக்கம் சட்டென்று லேசானது. யாரோ இறங்கிக்கொண்டதைப் போல.

இரவு எட்டரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். செல்லபாய் வந்து தோளைத் தொட்டாள்.

"கிருஷ்ணன்குட்டி எங்க? அவன் உனக்க டிக்கியிலல்லா வந்தான்?"

"கிருஷ்ணன்குட்டியா?"

"ஆமா. நான் என்ன செய்யன்னு தெரியாம நிக்கேன், ஆறு மணி இருக்கும், நனைஞ்சு ஒழுகி முற்றத்துல வந்து நிக்கான். ஜீப்பு எங்கலேன்னு கேட்டேன். 'ஜீப்பு வராது அக்கா. அவனுக்க வண்டி வரும். நான் ஏத்தி விடுதேன்'னான். தலைய துவட்டுன்னு திண்ணைக் கொடியில கிடந்த தோர்த்த எடுத்து நான்தான் குடுத்தேன். அத தலையில கெட்டிட்டு தாழ இறங்கிப் போனான்."

நான் சிரித்தேன். உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தேன். டிக்கியில் ஏறவே மாட்டேன் என்றவன் ஏறியிருக்கிறான். மேலே வந்ததும் குதித்து ஒளிந்துகொண்டிருக்கிறான். நாளைக்கு ஸ்டாண்டில் வைத்து அவனை ஒரு வழி பண்ண வேண்டும். ஜெர்மனிக்காரர் சொன்னதையும் அப்போதே சொல்லிவிடலாம். மேட்டடியில் கேட்ட அந்த ஒற்றைத் தட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைக்க விரும்பவில்லை.

காலையில் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

சானல் கரையில் கூட்டம் நின்றது.

முந்தின நாள் நான் வண்டியைத் திருப்பப் போன இடத்திலிருந்து நூறடி தள்ளிக் கரை உடைந்திருந்தது. வடம் கட்டி ஜீப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில், அந்த உடைப்பு வரைக்கும் டயர் இழுபட்டுப் போன தடம். பிரேக் போட்டிருக்கிறான். நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கியிருக்கிறது.

உள்ளே அவன் இருந்தான். கால் ரெண்டும் பெடல்களுக்கு நடுவே நசுங்கி மாட்டியிருந்தன. தகரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

தலையில் வெள்ளைத் தோர்த்து.

ஓரத்தில் சிவப்பு நூல் தையல். ஒரே கொடியில் செல்லபாய் வீட்டுத் துணியும் எங்கள் துணியும் காயும். மாறிப்போகாமல் இருக்க எங்கள் துணிக்கெல்லாம் ஓமனா போடுகிற தையல் அது.

அல்வாப் பொட்டலம் கீழே விழுந்தது. நானும் விழுந்தேன்.

மழை வலுக்கிறதே, சுவாமிதாஸ் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் மனைவி விஜயம்மாவிடம் சொல்லிக் கிளம்பியிருக்கிறான். ஜீப்பு சானல் கரைக்குத் திரும்பியதைச் சாயாக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அப்போது மணி நாலு. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரும் அதையே சொன்னார். நாலரைக்கு மேல் அவன் உயிரோடு இருந்திருக்க முடியாது.

ஓமனாவுக்கு வலி எடுத்தது ஐந்தரைக்கு.

பதினாறாம் நாள் கழிந்து அவன் வீட்டுக்குப் போனேன். விஜயம்மா உள்ளே போய் அந்தத் தோர்த்தை எடுத்து வந்தாள்.

"அண்ணா, இது உங்க வீட்டுதல்லா? இங்கேருந்து போவும்போ அவருக்க தலையில ஒண்ணும் இல்ல."

வாங்கினேன். ஈரமாக இருந்தது. ஐஸ் போலக் குளிர்ந்தது. சானல் வாடை அடித்தது.

"அலசி அலசிப் போடுதேன். அடுப்புக்கு மேல கூடப் போட்டேன். ஈரம் போவல்ல, உணங்க மாட்டேங்குது." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவரு கடைசியா என்ன சொன்னாரு அண்ணா?"

மறைக்கவில்லை. செல்லபாய் பார்த்தது, டிக்கியில் ரெண்டு தட்டு, அப்புறம் அந்த ஒற்றைத் தட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தோர்த்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏத்தி விட்டாரு. அதுக்குப் பொறவு என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரியாதே," என்றாள். "பிள்ளை சுகமா இருக்கா?"

"இருக்கு."

"என்ன பிள்ளை?"

"பெண் பிள்ளை. ஜிஜான்னு பேரு வைக்கப் போறோம்."

அவள் குனிந்து, தோர்த்திடம் சொல்வது போல, "பெண் பிள்ளையாக்கும்," என்றாள்.

மறுநாளும் மழைதான். வெயில் தலைகாட்டவே இல்லை. சாயங்காலம் விஜயம்மா ஆள் அனுப்பிச் சொன்னாள்.

தோர்த்து உணங்கிவிட்டதாம்.